ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது

கெபிலி, 24 அக்டோபர் 1993

அன்புள்ள லஸ்ஸாத் அண்ணனுக்கு,

ஸலாம். உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா? ஸ்ஃபாக்ஸ் கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா? வாப்பா நலம். உம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் கேட்டால் இல்லை என்பாள். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

இதற்கு வீட்டு முகவரிக்குப் பதில் போடாதீர்கள். என் பள்ளி நூலகத்துக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள். வாப்பா தூங்கிய பிறகு விளக்கின் மேல் துணி போட்டு எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னியுங்கள்.

கண் மங்குகிறது என்று சொல்லி வாப்பா இந்த அறுவடைக்குக் கொட்டகைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எட்டு மேசை, மேசைக்குப் பழம் பொறுக்க ஒரு பெண். ஒவ்வொரு மேசைப் பெட்டிகளிலிருந்தும் தினமும் நூறு பேரீச்சம்பழம் எடுத்து, அறுத்து, எத்தனையில் புழு என்று எழுத வேண்டும். எட்டு எண்களின் சராசரி ஐந்தைத் தாண்டினால் வாங்குகிற கம்பெனி அன்றைய பழத்தைத் தொடாது.

முதல் நாள் நான் கத்தி கேட்டேன். வாப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அறுத்த பழத்தை யாரு வாங்குவா? ஒரு நாளைக்கு எண்ணூறு பழம். ஆட்டுக்கா கொட்டச் சொல்றே? எண்ணை எழுது, போதும்."

எந்த எண் என்று தெரியாமல் எட்டு மேசைக்கும் நாலு போட்டேன். அவர் சிரித்தார். "எட்டு பொம்பளைக்கும் நாலு நாலா? உக்காந்து பங்கு பிரிச்சா கொடுத்துச்சு புழு? முன்ன எழுதின ஆளு எவ்வளவு அழகா எழுதினான்." யார் அந்த ஆள் என்றேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தேநீர் ஊற்றச் சொன்னார்.

நான் ஒரே ஒரு பழத்தை நகத்தால் பிளந்து பார்த்தேன். வெளியே தேன் நிறத்தில் பளபளப்பு. உள்ளே கொட்டையைச் சுற்றிக் காப்பித்தூள் மாதிரி புழுவின் கழிவு, நடுவில் வெளிறிய ரோஜா நிறத்தில் அது. தலையைத் தூக்கி என்னைத் தேடியது. அன்றிலிருந்து இனிப்பை வாயில் வைக்க முடியவில்லை.

நீங்கள் இப்போது புள்ளியியல் படிக்கிறீர்கள். பொய்யை எப்படி உண்மை மாதிரி எழுதுவது? பயமாக இருக்கிறது அண்ணா. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் தங்கை,
ராவ்தா


ஸ்ஃபாக்ஸ், 3 நவம்பர் 1993

அன்புத் தங்கை ராவ்தாவுக்கு,

ஸலாம். சளி போய்விட்டது. உம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். விடுதியில் குஸ்குஸ் என்று கோதுமை ரவையில் எதையோ போடுகிறார்கள்.

பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாக் கொட்டகையிலும் இப்படித்தான். நான் சொல்கிறபடி எழுது. ஒரே நாளில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது, பார்ப்பவனுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். பூஜ்ஜியம் போடாதே, யாரும் நம்ப மாட்டார்கள். ஏதாவது ஒரு மேசைக்கு மட்டும் எண் தூக்கலாக இருக்கட்டும். எல்லாம் நன்றாக இருந்தால்தான் சந்தேகம் வரும், ஒன்று கெட்டிருந்தால் மற்றதை நம்புவார்கள். அந்த ஒன்றை அடிக்கடி மாற்றாதே. நிஜத்தில் ஒருத்திதான் கவனக்குறைவாக இருப்பாள்.

இதெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்தது. கடிதத்தைக் கிழித்துவிடு. தேர்வுக்குப் படி.

அன்புடன்,
லஸ்ஸாத்


கெபிலி, 14 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறீர்களா? உம்மா ஒத்தடம் கொடுக்கிறாள். வாப்பாவுக்கு உற்சாகம், ஏனென்றால் என் எண்கள் நன்றாக வருகின்றன.

வெள்ளிக்கிழமை எழுதியது இது: 2, 4, 1, 6, 3, 5, 9, 7. சராசரி ஐந்துக்கு உள்ளே. ஒன்றும் திரும்பவில்லை. வாப்பா விரலால் தடவிப் பார்த்து, "இதுதான் எழுத்து. ரத்தத்துலயே வருது உனக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. படுத்த பிறகு அந்தப் பெருமை வாயில் கசந்தது.

தூக்கலான எண்ணை ஏழாம் மேசைக்கு வைத்தேன். காரணம் கிடையாது. பேனா அங்கே நின்றது.

உங்கள் வகுப்பில் இதைச் சொல்லித் தந்தார்கள் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் பள்ளியில் நேர்மாறாகச் சொல்கிறார்கள். கண்ணை மூடி எடுக்கிற சமவாய்ப்புச் சோதனை என்றால் எண்கள் ஒழுங்காக வராதாம், கொத்துக் கொத்தாக வருமாம், ஒன்றே மூன்று முறை வருமாம். இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு எட்டுப் பழம் புழுத்த பெட்டியிலிருந்து பத்தே பழம் அறுத்தால், ஒரு புழுகூடக் கண்ணில் படாமல் போக நூற்றில் நாற்பத்து மூன்று வாய்ப்பு. அறுக்காமலே விட்டால் நூற்றுக்கு நூறு. வாப்பாவுக்கு நிகழ்தகவு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

கொட்டகையின் வாடை என் முக்காட்டிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. பதிவேட்டின் பக்கங்கள் பாகில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோல் உரிகிற சத்தம் கேட்கிறது. பிரித்த இடத்தில் எறும்பு.

பதில் எழுதுங்கள்.

ராவ்தா


கெபிலி, 5 டிசம்பர் 1993

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மூன்று வாரமாகப் பதில் இல்லை. நூலகத்தில் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

வாப்பா ஹத்தா மாமியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஏழாம் மேசை.

போன வாரம் ஒரு சரக்கில் புழு இருந்ததென்று கம்பெனியிலிருந்து புகார் வந்தது. வாப்பா எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி, என் பதிவேட்டை என் கையில் கொடுத்து, ஏழாம் மேசை எண்களை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். பதினெட்டு நாள். ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து. என் குரல் நடுங்கவே இல்லை, அதுதான் எனக்கு இப்போதும் அசிங்கமாக இருக்கிறது.

மாமி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாப்பாவிடம் சொன்னது ஒன்றுதான். "ஹாஜி, புழு உள்ளே இருக்கு, நான் பார்க்கறது மேல்தோல். என் கண்ணு என்ன கத்தியா?" மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி லேசாகச் சிரித்தாள், தன் மேசை இல்லையே என்று.

பிறகு மாமி என்னைப் பார்த்தாள். "நீ எண்ணினியா மகளே?" நான் ஆமாம் என்றேன்.

அவள் மகள் ஸல்ஹா என் வகுப்பு. கணிதத்தில் எனக்கு மேல் அவள்தான். இன்றும் தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, மிளகாய் விழுது தடவிய பக்கத்தை எனக்குத் தந்தாள். சாப்பிட்டேன். பின்னால் போய் வாந்தியெடுத்தேன்.

குளிர்கால விடுமுறைக்கு வந்து வாப்பாவிடம் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பள்ளியை நிறுத்திவிடுவார்.

ராவ்தா


ஸ்ஃபாக்ஸ், 19 டிசம்பர் 1993

மரியாதைக்குரிய வாப்பா அவர்களுக்கும் உம்மாவுக்கும்,

ஸலாம். அல்லாஹ்வின் கருணையால் நான் நலம். நீங்கள் அனைவரும் நலமென்று நம்புகிறேன். அனுப்பிய கம்பளியும் பழப் பெட்டியும் கிடைத்தன. அறை நண்பர்கள் கெபிலிப் பழத்தைப் புகழ்கிறார்கள். இங்கே மழை. ஜனவரியில் தேர்வு இருப்பதால் விடுமுறைக்கு வர இயலாது.

உம்மா முழங்காலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ராவ்தாவுக்கு என் ஸலாம். அவள் வாப்பாவுக்கு உதவியாக இருப்பதறிந்து மகிழ்ச்சி.

தங்கள் கீழ்ப்படிந்த மகன்,
லஸ்ஸாத்


கெபிலி, 26 டிசம்பர் 1993

அண்ணனுக்கு,

ஸலாம். வீட்டுக்கு வந்த உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "என் ஸலாம்" என்ற இடத்தில் வாப்பா என் தலையைத் தடவினார். எனக்குத் தலையையே கழற்றி வைத்துவிடலாம் போல இருந்தது.

உங்கள் நண்பர்கள் அந்தப் பழத்தைப் பிளந்து பார்த்துத் தின்கிறார்களா, அப்படியே வாயில் போடுகிறார்களா?

இன்னும் ஒன்று நடந்திருக்கிறது. இப்போதைக்கு மற்றப் பெண்கள் மாறி மாறிப் பார்க்கிற ஏழாம் மேசைக்கு ஸல்ஹாவை அனுப்பச் சொல்லி வாப்பா ஆள்விட்டிருக்கிறார். சின்னக் கை, கூர்மையான கண், தாயை விட நன்றாகப் பொறுக்குவாளாம். பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி சொல்லி அனுப்பினாராம். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியில்லை. பிப்ரவரி கடைசி வரை தாய்க்கு வேலை கிடைக்காவிட்டால் ஸல்ஹா பள்ளியை விட்டு வந்துவிடுவாள். "வருஷக் கடைசியில தேர்வு எழுத முடிஞ்சா எழுதறேன்" என்று அவளே சொல்கிறாள். வந்தால் எழுத முடியாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாப்பா இப்போது என்னிடம், ஏழாம் மேசை எண்ணைக் கொஞ்சம் குறைத்து எழுது, ஆளை நீக்கினதும் சரியாகிவிட்டது என்று தெரியட்டும் என்கிறார். குறைத்து எழுதினேன். அதாவது ஹத்தா மாமிதான் குற்றவாளி என்று நான் இரண்டாவது முறை நிரூபித்திருக்கிறேன்.

ராவ்தா


ஸ்ஃபாக்ஸ், 9 ஜனவரி 1994

ராவ்தாவுக்கு,

ஸலாம். நலம், நலமறிய ஆவல். தேர்வு நடுவே அவசரமாக எழுதுகிறேன்.

நீ தேவையில்லாமல் உன்னை வதைத்துக்கொள்கிறாய். எட்டு மேசையும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டாலும் ஏதாவது ஒன்றில் எண் அதிகமாக வந்தே தீரும். யாராவது ஒருவர் கடைசியாக நிற்க வேண்டும். எட்டில் ஒரு வாய்ப்பு, அது அவளுக்கு விழுந்தது. இதில் பாவம் எங்கே வந்தது? கணக்கு யாரையும் வெறுப்பதில்லை.

எதையும் தொடாதே. ரமலானுக்கு முன் கம்பெனியின் சோதனையாளர் நூரி வருவார். அவர் போகும்வரை வாயைத் திறக்காதே. நான் படிப்பை முடித்து வந்து எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

என் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டாய் அல்லவா?

லஸ்ஸாத்


கெபிலி, 23 ஜனவரி 1994

அண்ணனுக்கு,

ஸலாம். தேர்வு நன்றாக எழுதியிருப்பீர்கள். உம்மா நலம். எனக்குத்தான் மூன்று நாளாக எதுவும் இறங்கவில்லை.

கிழிக்கவில்லை.

அவளுக்கு விழுந்தது என்று எழுதினீர்கள். விழவில்லை, நான் வைத்தேன். ஏழாம் மேசையே பதினெட்டு நாளும் கடைசியாக நிற்க, எட்டில் ஒன்றைப் பதினெட்டு முறை அடுக்கிப் பெருக்க வேண்டும். ஷோத் ஏரியின் உப்பில் ஒரு மணியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி அதே மணியை எடுப்பது மாதிரி. தற்செயலுக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது. கைக்குத்தான் உண்டு.

போன ஞாயிறு வாப்பா துஸூருக்குப் போயிருந்தார். நான் கொட்டகைக்குப் போய், சுண்ணாம்புக் கட்டியால் மேசை எண் போட்ட பெட்டிகளில், மேலே அடுக்கிய முகப்புப் பழத்தை விட்டுவிட்டு, கண்ணை மூடிக் கையை அடிவரை விட்டு மேசைக்கு இருபத்தைந்து எடுத்தேன். ஹத்தா மாமி பொறுக்கிய பழைய பெட்டிகளும் இன்னும் அங்கே இருக்கின்றன. மொத்தம் இருநூறு. வீட்டுச் சமையலறையில் தரையில் துணி விரித்து ஒவ்வொன்றாக அறுத்தேன்.

அதை எப்படி எழுதுவது? ஐம்பதாவது பழத்துக்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. சில பழத்தில் புழு இல்லை, அது கட்டிய நூல்கூடு மட்டும். சிலதில் கத்தி பட்டு இரண்டாகி, இரண்டும் அசைந்தன. ஒன்று என் மணிக்கட்டில் ஏறியது. கத்திவிடாமல் இருக்க முக்காட்டைக் கடித்துக்கொண்டேன், முக்காட்டிலும் அதே இனிப்பு.

3, 6, 3, 4, 1, 5, 3, 4.

இருநூறில் இருபத்தொன்பது. நூற்றுக்குப் பதினாலரை. ஏழாம் மேசை மூன்று, முதல் மேசையும் மூன்று, மூன்றாம் மேசையும் மூன்று. ஐந்தாம் மேசையில் ஒன்றுதான் என்பதால் அவள் கெட்டிக்காரி இல்லை, இரண்டாம் மேசையில் ஆறு என்பதால் அவள் மோசமும் இல்லை. எட்டுப் பேரின் பழமும் ஒன்றேதான். எல்லாம் புழுவைக் கொல்லும் ஒரே புகை அறையிலிருந்து வந்த பழம். வாப்பா இந்த வருடம் இரண்டு நாள் வைக்க வேண்டிய புகையை ஒரே இரவோடு முடித்துவிடுகிறார், கதவின் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. புழு அங்கே பிழைக்கிறது.

உம்மா உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. துணியையும் என் கையையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் எதிரே உட்கார்ந்தாள்.

"உன் அண்ணனும் இங்கேதான் உக்காந்து எழுதுவான், நீ தூங்கினப்புறம். மூணு அறுவடை எழுதினான். ஒரு பழம் அறுத்து நான் பார்க்கல" என்றாள்.

பிறகு, "அந்த நாலாம் மேசை ஸாஸியா மூணு நாள் நம்ம வாசல்ல உக்காந்திருந்தாளே, ஞாபகம் இருக்கா? ரொட்டி கொடுத்து அனுப்பினேனே" என்றாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. யார் என்று உங்களிடம்தான் கேட்டேன். புத்தி சரியில்லாதவள், கிட்டே போகாதே என்றீர்கள்.

வகுப்பில் சொல்லித் தந்தது என்று எழுதினீர்களே அண்ணா. எந்த வகுப்பு?

ராவ்தா


கெபிலி, 9 பிப்ரவரி 1994

லஸ்ஸாத் அண்ணனுக்கு,

ஸலாம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்றே நினைத்தேன். நீங்கள் நலமாக இருங்கள். நடந்ததை வேறு யாராவது வேறு மாதிரி சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சோதனையாளர் நூரி வந்தார். வாப்பா என்னைப் பள்ளிக்கு விடவில்லை, பதிவேட்டோடு நிற்கச் சொன்னார். நூரி பின்சுவர் ஓரத்துப் பெட்டி ஒன்றைக் காட்டினார். வாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விருந்தாளி கையை அழுக்காக்க விடுவேனா? நான் எடுத்துத் தரேன்" என்று, தானே முன்வரிசைப் பெட்டிக்குக் குனிந்து முகப்பிலிருந்து காம்போடு இருந்த நல்ல பழங்களாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். நூரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சோதனை முடிந்தது. இதைத்தான் மூன்று வருடமாக நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

அடுத்தது வீட்டில் சாப்பாடு. அதற்கு முன் வழக்கம்போல மோரும் பழமும் நான் கொண்டுபோக வேண்டும். நம் வீட்டில் விருந்தாளி பழத்தைப் பிளந்து பார்த்தால் வாப்பாவுக்கு முகம் சிவந்துவிடும், தெரியும்தானே. வருகிறவர்கள் எல்லாம் முழுசாக வாயில் போட்டுக்கொள்வார்கள்.

காலையிலேயே பின்சுவர் ஓரத்துப் பெட்டிகளிலிருந்து இருபத்தைந்து எடுத்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் பிளந்து, கொட்டை தெரியும்படி, பெருநாள் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கினேன். நான்கில் புழு. ஒன்று உயிரோடு.

மோர்க் குவளைகளை உம்மா வாங்கிக்கொண்டாள். தாம்பாளத்தை அவள் தடுத்திருக்கலாம். பார்த்தாள். "நேராப் பிடி. சாயாம கொண்டு போ" என்றாள்.

விருந்தாளிக்கு முன்னால் வைத்தேன். உயிரோடு இருந்தது தாம்பாளத்தின் விளிம்புக்கு வந்து, அங்கிருந்து வாப்பாவின் பக்கமாகப் போயிற்று.

"யாரு அறுத்தது?" வாப்பாவின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"நான்தான் வாப்பா. நீங்க கொடுக்காத பெட்டியில இருந்து." பிறகு நூரியைப் பார்த்துச் சொன்னேன். "பதிவேட்டுல இருக்கற எண் எல்லாம் நான் வீட்ல உக்காந்து போட்டது. ஏழாம் மேசை எண்ணும்."

அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தெரியும் மகளே. நாலு வருஷமா பார்க்கறேன். இந்தக் கொட்டகையில மட்டும் ஒரே நாள்ல ஒரு எண் ரெண்டு தடவை வந்ததே இல்லை. முன்ன ஒரு கையெழுத்து, இப்ப ஒரு கையெழுத்து. எண்ணோட குணம் ஒண்ணுதான்."

தெரிந்திருக்கிறது அண்ணா. தெரிந்துகொண்டே வருடா வருடம் உம்மாவின் குஸ்குஸைச் சாப்பிட்டிருக்கிறார். எட்டுப் பெண்களுக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் இருந்ததை விட அதுதான் எனக்குக் குமட்டியது.

"அப்ப ஏன் எழுதல?" என்று கேட்டுவிட்டேன். வாப்பா எழுந்துவிட்டார்.

"உக்காருங்க ஹாஜி" என்றார் நூரி. அவருக்கும் முகம் கறுத்திருந்தது. "கண்ணுல படாத புழுவை இல்லைன்னு எழுதிட்டுப் போகலாம். இப்படித் தட்டுல வச்சுக் கொடுத்தப்புறம் என்ன எழுதறது?"

சாப்பிடாமல் போய்விட்டார். சரக்கு முழுவதும் திரும்பப் புகை அறைக்குப் போக வேண்டும், இரண்டு நாள் முழுசாக. இனி தினமும் பெண்கள் முன்னால் அறுத்து எண்ண வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வாப்பா அடிக்கவில்லை. அவர் என்னோடு பேசவும் இல்லை. அடுத்த அறையில் இருமுகிறார், இதை எழுதும்போது கேட்கிறது. பள்ளி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஸல்ஹா இந்த மாதக் கடைசியில் பள்ளியில் பெயர் நீக்கம் எழுதிக் கொடுக்கப் போகிறாள்.

ராவ்தா


ஸ்ஃபாக்ஸ், 20 பிப்ரவரி 1994

ராவ்தா,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தும் கேட்கிறேன்.

1991 அறுவடை. நாலாம் மேசை. பதினொன்று, ஒன்பது, பத்து, பதினொன்று. இருபத்திரண்டு நாள். நான் போட்டது. நாலை எடுத்ததற்கு எனக்கும் காரணம் கிடையாது. அவள் பெயர் ஸாஸியா. புத்தி சரியாகத்தான் இருந்தது.

எந்த வகுப்பு என்று கேட்டிருந்தாய். எந்த வகுப்பும் இல்லை. இங்கே முதல் மாதத்திலேயே, கையால் இட்டுக்கட்டிய எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம் நடத்தினார்கள். திரும்ப வராத எண்தான் முதல் அடையாளம் என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மறுவாரம் உன் முதல் கடிதம் வந்தது. எனக்கு வேறு எதுவும் தெரியாத மாதிரி அந்தப் பழைய விதிகளையே எழுதி அனுப்பினேன்.

வீட்டிலிருந்து வந்த பழப் பெட்டியை நான் தொடவே இல்லை. அறை நண்பர்கள்தான் தின்றார்கள்.

வாப்பாவுக்கு இதே எண்களை எழுதி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஸாஸியா இப்போது துஸூரில் தன் தம்பி வீட்டில் இருப்பதாக விசாரித்து அறிந்தேன். அவளுக்கும் ஒன்று. அதை அவளுக்கு யார் வாசித்துக் காட்டுவார்களோ.

லஸ்ஸாத்


கெபிலி, 6 மார்ச் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உம்மாவுக்கு வலி கொஞ்சம் மட்டு. உங்கள் கடிதம் வீட்டுக்கு வந்த அன்று வாப்பா அதை என்னிடம் வாசிக்கச் சொல்லவில்லை. ஜன்னலோரம் எடுத்துப்போய்த் தானே படித்தார். கண் அப்படியொன்றும் மங்கவில்லை.

ஏழாம் மேசை காலியாக இருக்கிறது என்று ஹத்தா மாமிக்குச் சொல்லியனுப்பினார். மாமி, சும்மா வர மாட்டேன், எங்கே நிற்க வைத்துப் படித்தீர்களோ அங்கேயே நிற்க வைத்துப் படியுங்கள் என்று திருப்பிச் சொல்லியனுப்பினாள். வாப்பா நான்கு நாள் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பதிவேட்டை என் முன்னால் போட்டார்.

படித்தேன். அந்தப் பதினெட்டு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு "பொய்" என்று சொன்னேன். இந்த முறை குரல் நடுங்கியது. அன்று சிரித்தவள் இன்று தரையைப் பார்த்தாள்.

மாமி கையுறையை மாட்டிக்கொண்டாள். "கை நல்லா கழுவு மகளே. சுலபத்துல போகாது" என்றாள். என்னை மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன். ஸல்ஹா பெயர் நீக்கம் எழுதிக் கொடுக்கவில்லை. வகுப்பில் இருக்கிறாள், ஆனால் வேறு பெஞ்சில். ரொட்டி தருவதில்லை.

எனக்கும் பள்ளி உண்டு. வாப்பா என்னோடு இன்னும் பேசுவதில்லை. நேற்று நோன்பு திறக்கும்போது தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தி, கட்டைவிரலால் பிளந்து, விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். நான் தண்ணீரால் நோன்பு திறந்தேன். பழம் இன்னும் இறங்குவதில்லை.

இப்போது பெண்கள் பார்க்க, மேசைக்கு நூறு எடுத்து அறுக்கிறோம். அறுத்தது ஆட்டுக்குப் போகிறது. நேற்றைய எண்கள் இவை:

3, 0, 3, 3, 1, 0, 3, 4.

பூஜ்ஜியம் இருக்கிறது. மூன்று என்ற எண் நான்கு முறை வந்திருக்கிறது. எதையும் மாற்றவில்லை.

உங்கள் தங்கை,
ராவ்தா